பொழுதோட ஏறும் சிவப்பு

நித்யகல்யாணிக்கு அன்றைக்குப் பிள்ளையாரிடம் என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

சும்மா ஒரு நாள் கோயில் பக்கம் போனாலே கேட்பதற்கு ஒரு கூடை வைத்திருப்பவள் அவள். அன்றைக்குக் கையைக் கூப்பிக்கொண்டு திருதிருவென்று விழித்தாள். "இன்னைக்கு ஒரு நாளைக்குப் பச்சையாவே இருக்கோணும் சாமி" என்று ஆரம்பித்தாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்ல இல்ல, ஒருவாட்டி சிவப்பு வந்துட்டுப் போகட்டும்" என்றாள். ஐயோ, சிவப்பு வந்து நின்றுவிட்டால் ஒரு வருஷப் பாடும் மண்ணாய்ப் போகுமே! பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். "எனக்கு ஒண்ணும் புரியல, நீயே பாத்துச் செய்யி" என்று பாரத்தைச் சாமி தலையில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். ஸ்கூட்டரை வேண்டுமென்றே கம்பெனியில் விட்டுவிட்டு வந்திருந்தாள். பஸ் பிடித்தாள்.

கையிலிருந்த ஃபோனில் ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. பச்சைக் கோடு. அது அவள் புருஷன் மயில்சாமியின் மனசு. அப்படித்தான் ஒரு வருஷமாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கூத்து எங்கே ஆரம்பித்தது என்று சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். மயில்சாமி திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் மெக்கானிக். கை வைத்தால் மெஷின் பேசும் என்பார்கள். லாரியிலிருந்து மெஷின் இறக்கும்போது சங்கிலி நழுவி இடுப்பில் விழுந்தது. ஆபரேஷன் ஆயிற்று, எலும்பு கூடிற்று. ஆனால் வலிக்குக் கொடுத்த மாத்திரை மட்டும் அவனை விடவில்லை. சீட்டு எழுதித் தருவதை டாக்டர் நிறுத்தியதும் வெளியே வாங்கினான். அவன் மட்டுமா? அந்த நாட்களில் அபினி வகை வலி மாத்திரை ஊரில் பாதிப் பேர் பையில் இருந்தது. நாள் முழுக்க மெஷின் மிதிக்கிற பெண்கள் முதுகுவலிக்கு ஆரம்பித்து, பிறகு வலி இல்லாத நாளிலும் முழுங்கினார்கள். மயில்சாமி ஒரு நாள் குளியலறையில் மூச்சு நின்று நீலமாய்க் கிடந்தபோதுதான் நித்யாவுக்கு விஷயமே தெரிந்தது. கதவை உடைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆளைப் பிழைக்க வைத்து, மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினார்கள்.

அங்கே ஆலோசகராக இருந்தவர் பெர்னதெத் மேடம். தூத்துக்குடிக்காரர். எதையும் தேங்காய் உடைத்தாற்போல் சொல்லிவிடுவார்.

"மெத்தடோன்னு ஒரு மருந்து. தினம் ஒரு வேளை குடிக்கணும். மாத்திரை கேட்டு உடம்பு அலறாது."

"ஏனுங் மேடம், ஒரு போதையை விட்டுப்போட்டு இன்னொண்ணக் குடிக்கறதா?" என்று கேட்டாள் நித்யா.

"போதை ஏத்துறதுக்கு இல்லம்மா, உடம்பை நிலைப்படுத்துறதுக்கு. நிறையப் பேர் இதுலயே வருஷக்கணக்கா நல்லா இருக்காங்க. உங்க வீட்டுக்காரரு இதையும் விடணும்னு கேட்கிறாரு. ஒரேயடியா நிறுத்தினா தாங்காது. கொட்டாவி, மூக்கொழுகல், கால் குடைச்சல்னு ஆளைப் புரட்டிப் போட்டுடும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். குப்பியில அளவு எப்பவும் ஒண்ணாத்தான் இருக்கும், உள்ள மருந்து மட்டும் குறைஞ்சுட்டே வரும். எவ்வளவுன்னு அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

அப்புறம் ஒரு சின்ன வில்லையை எடுத்துக் காட்டினார். நகம் அளவுதான் இருந்தது. அதுதான் அந்த வருஷம் புதிதாக வந்த சங்கதி.

"இதைக் காதுக்குப் பின்னால ஒட்டிடுவோம். மண்டைக்குள்ள 'வேணும் வேணும்'னு ஒண்ணு எழும்புமே, அதை இது கண்டுபிடிக்கும். சும்மா இருந்தா பச்சை, ஏறினா மஞ்சள், ரொம்ப ஏறினா சிவப்பு. வீட்டுல ஒருத்தர் ஃபோன்ல அதைப் பார்த்துட்டே இருக்கணும். சிவப்பு அடிக்கடி வந்தா மருந்தைக் குறைக்க மாட்டோம். கடைசி நாள் முழுக்கச் சிவப்பு நிக்காம இருந்தா சான்றிதழ். நின்னுச்சுன்னா பழையபடி முதல்ல இருந்து."

சான்றிதழ் இல்லாமல் எந்தக் கம்பெனியும் அவனை மெஷின் பக்கம் விடாது. அதுவரைக்கும் வீட்டு முன்னால் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து தெருவாரின் மிக்ஸியும் ஃபேன் மோட்டாரும் பார்க்க வேண்டியதுதான்.

குப்பியை நோயாளி கையில் கொடுக்கமாட்டார்கள். நித்யா வேலை விட்டு வரும் வழியில் மையத்தில் வாங்கி, கைப்பையில் பூட்டிக் கொண்டுவந்து, அவள் முன்னாலேயே குடிக்க வைக்க வேண்டும். "குடிச்சதும் ஏதாச்சும் பேசச் சொல்லுங்க. வாயில அடக்கி வச்சிருந்தா பேச வராது" என்று பெர்னதெத் மேடம் சொல்லியிருந்தார்.

முதலில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. மயில்சாமி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மைக் பிடித்தாற்போல் கையை வைத்துக்கொண்டு, "வாக்காளப் பெருமக்களே! இந்த வட்டாரத்துலயே தண்ணிச் சாம்பார் வைக்கறதுல என்ற சம்சாரத்த அடிச்சுக்க ஆளில்ல!" என்பான். நித்யா கரண்டியோடு துரத்துவாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்த நேரத்துக்கு அவர்களே குழந்தைகளாட்டம் கிடந்தார்கள்.

வில்லை ஒட்டிய பிறகுதான் கெரகம் பிடித்தது.

நித்யாவுக்கு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியை மேஜையில் விரித்தால் ஓட்டை, எண்ணெய்க்கறை, நூல் விட்டது எல்லாம் அவள் கண்ணுக்குத் தானாக வந்து நிற்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுவாள். நல்லா இருக்கிற இடத்தில் யாரும் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை. அந்தக் கண்ணோடுதான் அவள் புருஷனின் கோட்டையும் பார்த்தாள். பகலெல்லாம் பச்சை. பொழுதோட, சாயங்காலம் அவள் வீடு வந்து சேரும் நேரத்துக்கு, பட்டென்று சிவப்பு. தினமும்!

'நான் வர்றதுக்கு மிந்தி யாரோ வந்துட்டுப் போறாங்க' என்று நினைத்தாள். வேறு எப்படி நினைப்பாள், சொல்லுங்கள்.

பொழுதோட அங்கே வருகிற ஒரே ஆள் செல்லமுத்து. மயில்சாமியோடு ஒன்றாக வேலை பார்த்தவன். போகும் வழியில் ஒரு டீ குடித்துவிட்டு, கம்பெனிக் கதை பேசிவிட்டுப் போவான். ஒரு நாள் நடுத்தெருவில் நித்யா அவன் பையைப் பிடுங்கிக் கொட்டினாள். டிபன் பாக்ஸும், பிள்ளைக்கு வாங்கிய கிரேயான் டப்பாவும் விழுந்தன. செல்லமுத்து குனிந்து பொறுக்கிக்கொண்டு போனவன்தான், அப்புறம் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை. சிவப்பு மட்டும் மறுநாளும் வந்தது.

அதற்குப் பிறகு அவள் வண்டியை நிறுத்தியதும் நேராக அவன் சட்டைப் பாக்கெட்டைத் துழாவுவாள். கண் இமையை விலக்கிப் பார்ப்பாள். மோட்டார்களின் மூடியைக் கழற்றச் சொல்வாள். குப்பி குடித்ததும் பேச வேண்டாம், வாயைத் திற என்று டார்ச் அடித்தாள். அவன் மைக் பிடிக்கக் கையைத் தூக்கினால், "வெளையாட்டு வேண்டாமுங்க" என்பாள். மையத்தில் வேறு, சிவப்பு குறையாததால் மருந்தைக் குறைப்பதைத் தள்ளி வைத்தார்கள். மறுபடியும் தள்ளி வைத்தார்கள். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து, "எதுக்குங்க என்னைய இப்படிச் சாகடிக்கறீங்க? யாருகிட்ட வாங்கறீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் யாருகிட்டயும் வாங்கல, நித்யா" என்றான் அவன்.

"பின்ன எப்படி ஏறுது?"

அவன் என்னவோ சொல்ல வந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். "தெரியல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

அதற்குப் பிறகு கோடு மெல்ல மெல்ல அடங்கிற்று. சிவப்பு மஞ்சளாயிற்று, மஞ்சளும் மங்கிப் பச்சையாயிற்று. மருந்தைக் குறைக்க ஆரம்பித்தார்கள். கால் குடைச்சலும் தூக்கமில்லாத விடியலும் வந்தன, போயின. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினான். பொழுதோட கோடு முதல்முறை பச்சையாகவே நின்ற நாளில் நித்யா கம்பெனி முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள்.

அந்த மைசூர்பாகுதான் முந்தின நாள் மதியம் அவள் தொண்டையில் வந்து அடைத்தது.

கடைசி நாளைக்கு முன்னால் ஒரு கையெழுத்துக்காக மையத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பெர்னதெத் மேடம் ஒரு வருஷக் கோட்டையும் திரையில் விரித்தார். நித்யா வழக்கம்போல் பிழை தேடினாள்.

"பாத்தீங்களா மேடம், அந்தச் செல்லமுத்து வர்றத நிறுத்தின பொறவும் ஏறிக்கிட்டே இருந்துருக்குது. வேற யாரோ குடுத்துருக்கறாங்க."

"யாரும் கொடுக்கல. ரத்தம், சிறுநீர் எல்லாம் சுத்தம். வெளி மருந்து ஒரு சொட்டு இல்லை" என்றார் மேடம். "நானும் இதைத்தான் யோசிச்சிட்டிருந்தேன். தினம் அந்த நேரத்துக்கு அப்படி என்ன நடக்கும் உங்க வீட்டுல?"

"ஒண்ணும் நடக்காதுங்க. நான் வருவேன், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். மேடம் திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"மேடம், இந்த வில்லை மாத்திரை மேல இருக்கற ஆசையத்தான காட்டும்?"

"ஆசையைக் காட்டும். எது மேலன்னு அதுக்குத் தெரியாதும்மா. அது வெறும் கருவிதானே."

"அப்ப அந்தச் சிவப்பு..." நித்யா திரையில் விரலை வைத்தாள். "அது எனக்கா?"

"இருக்கலாம். குப்பிக்காகவும் இருக்கலாம். உங்க வண்டி வருது. அதுல நீங்களும் இருக்கீங்க, குப்பியும் இருக்கு. எதைப் பார்த்து ஏறுச்சுன்னு நான் எப்படிச் சொல்ல?"

"ஞாயித்துக்கெழம?"

"அன்னைக்கு நீங்களும் நாள் பூரா வீட்டுல, சனிக்கிழமையே வாங்கிட்டுப் போன குப்பியும் வீட்டுல. நாள் பூரா மஞ்சள். ஒண்ணும் பிடிபடல." மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொண்ணும் சொல்லிடறேன். மருந்து குறையக் குறையச் சிவப்பும் குறைஞ்சிருக்கு. அதைப் பார்த்தா குப்பின்னுதான் தோணும். ஆனா முதல்ல குறைஞ்சது சிவப்பு, அப்புறம்தான் நாங்க மருந்தையே குறைச்சோம். அதைப் பார்த்தா குப்பி இல்லன்னு தோணுது. குழப்பமாத்தான் இருக்கு. இப்போ ஒரு மாசமா குப்பியில வெறும் ஆரஞ்சு ஜூஸ்தான்."

நித்யா கையெழுத்துப் போட்டாள். எங்கே போட்டோம் என்றே தெரியவில்லை. வாசல் வரைக்கும் வந்தவள் திரும்பிப் போய், "மேடம், அது நானா இருந்தா, நான் மைசூர்பாகு குடுத்தது எதுக்கு?" என்று கேட்டாள். பெர்னதெத் மேடத்துக்கு எந்த மைசூர்பாகு என்று புரியவில்லை. "போயி நல்லாத் தூங்குங்க" என்றார்.

எங்கே தூங்குவது! பக்கத்தில் மயில்சாமி சீராக மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தான். எழுப்பிக் கேட்டுவிடலாம். கேட்டால் என்ன சொல்வான்? அவள் பயப்படாமல் இருக்க எதையாவது சொல்வான். வில்லை பொய் சொல்லாது, அதையே கேட்போம் என்று அவளுக்குத் தோன்றியது. பாருங்கள், ஒரு வருஷம் அந்தக் கோட்டால் பட்டும் அவளுக்குக் கோட்டின் மேல்தான் நம்பிக்கை.

அதனால்தான் இந்த மதிய நேரத்துப் பயணம். இன்றைக்குக் குப்பி கிடையாது, நேற்றோடு முடிந்தது. வண்டிச் சத்தமும் கிடையாது. அவள் வருகிற நேரமும் இது இல்லை. வெறுங்கையோடு, வெறும் நித்யாவாகப் போய் நிற்பாள். ஏறினால் அது அவளுக்கு. ஏறி நின்றுவிட்டால் சான்றிதழ் போச்சு. ஏறவே இல்லை என்றால்? அதை நினைத்தபோது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண், "ஏனுங்க்கா, மயக்கமா வருதுங்களா?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

தெருமுனையில் இறங்கி, மெயின் ரோடு வழியாகப் போகாமல், சாயப்பட்டறைச் சந்து வழியாக நடந்தாள். சொந்தப் புருஷனைப் பார்க்கத் திருடியாட்டம் போகிறோமே என்று வெட்கமாக இருந்தது. கொட்டகை தெரிந்தது. மயில்சாமி குனிந்து ஒரு ஃபேன் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். முடியில் நரை விழுந்திருந்தது. இது எப்போது விழுந்தது? ஒரு வருஷமாக அவன் பாக்கெட்டையும் இமையையும் நாக்கையும்தான் பார்த்திருக்கிறாள், தலையைப் பார்க்கவில்லை.

கேட்டைத் தள்ளினாள். அது கிறீச்சிட்டது. அவன் தலையைத் தூக்கினான்.

அந்த இடத்தில் அவள் அவன் முகத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும். பழக்கம் விடவில்லை. கண் ஃபோனுக்குப் போய்விட்டது.

கோடு எகிறிற்று. பச்சையிலிருந்து மஞ்சளுக்குத் தாவி, சிவப்பைத் தொட்டது. எனக்குத்தான்! குப்பி இல்லை, வண்டி இல்லை, எனக்கேதான்! அவள் தலையைத் தூக்குவதற்குள் கோடு தடதடவென்று சரிந்து பச்சையில் போய்ப் படுத்துக்கொண்டது.

நிமிர்ந்து பார்த்தாள். மயில்சாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் கடை சாத்தினாற்போல் இருந்தது.

"என்ன இந்நேரத்துல?" என்றான். பிறகு, "என்ன காட்டுது?" என்றான்.

"ஏறுச்சு" என்றாள். "ஏறி, எறங்கிருச்சு."

"நிக்கலயில்ல? அப்பச் செரி" என்றான். "எறக்கிட்டேன்."

"எறக்கினீங்களா?"

"நீ ஃபோனப் பாத்தயில்ல, அதான்." ஏதோ மோட்டார் சங்கதி சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னான். "மிந்தியெல்லாம் உன்ற வண்டிச் சத்தம் முக்குல கேட்டாலே உள்ளுக்குள்ள என்னமோ பண்ணும். எனக்கே மொதல்ல குப்பிக்குத்தான்னு நெனப்பு. மொத மாசம் குப்பிக்குந்தான் இருந்துருக்கும், இல்லேங்கல. பொறவு பாத்தா, நீ வீட்டுக்குள்ள வந்து பையத் தொறக்கறதுக்கு மிந்தியே எனக்கு எல்லாம் செரியாப் போயிருக்கும். ஆனா அது சிவப்பால்ல தெரியுது! நீ பயந்துக்கறே. அழுகறே. அங்க மருந்தக் கொறைக்க மாட்டேங்கறாங்க. இதச் சொன்னா நம்புவயா? மாத்திரை திங்கறவன் சொல்ற சாக்குன்னுதான நெனப்பே?"

அப்படித்தான் நினைத்திருப்பாள்.

"அதான், மேடம் மருந்துக்குச் சொன்னதையே இதுக்கும் செஞ்சேன். ஒரேயடியா முடியாது, கொஞ்சம் கொஞ்சமா. மொதல்ல வண்டிச் சத்தத்துக்கு எந்திரிச்சு வர்றத விட்டேன். பொறவு உன்ற மூஞ்சியப் பாக்கறத விட்டேன். பொறவு நீ வர்ற நேரமாப் பாத்து மோட்டார்ல கம்பி சுத்த உக்காந்துருவேன், மனசுக்குள்ள சுத்து எண்ணிக்கிட்டே இருப்பேன். எண்ணினா ஏறாது. மருந்த விடறதுகூட அவ்வளவு கஷ்டமில்ல புள்ள."

நித்யா கொட்டகைத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். கம்பித் துணுக்குகள் குத்தின. ஊரிலுள்ள அத்தனை பேர் மேலும் சந்தேகப்பட்டு, கடைசியில் தனக்குச் சேர வேண்டியதைத் தானே சொட்டுச் சொட்டாக வடித்துக் கீழே கொட்டியிருக்கிறோமே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாய்விட்டு அழுதாள். அவன் பதறிப்போய் எழுந்து வந்து எதிரில் குந்தினான்.

"ஏன் அழுகறே? பாஸாயிட்டேன்ல? பொழுதோட சான்றிதழ் வந்துரும், நாளைக்கு வில்லையக் கழட்டிருவாங்க."

"போதுமுங்க. இனி எறக்க வேண்டாம்." ஃபோனைத் தள்ளி வைத்தாள். அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "என்னையப் பாருங்க. நல்லாப் பாருங்க. பழையபடி ஏறட்டும். எவன் என்ன கேட்டாலும் நான் சொல்லிக்கறேன்."

மயில்சாமி பார்த்தான். நிஜமாகவே முயன்றுதான் பார்த்தான். நெற்றி சுருங்கிற்று, கண்ணில் தண்ணீர்கூட வந்தது. ஆனால் அவன் உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது.

"என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. எண்ணுது" என்றான் மயில்சாமி. அவனுக்கே குழப்பமாக இருந்தது. "நிறுத்தோணும்னுதான் பாக்கறேன். உன்ற மூஞ்சியப் பாத்ததும் தானா எண்ணுது, புள்ள. எறக்கறதுக்குத்தான அவங்க சொல்லிக் குடுத்தாங்க. ஏத்தறதுக்கு யாருகிட்டப் போய்க் கேக்கறது?"